ஸ்கல்லிக்கு ஏன் மேசை இல்லை? காதலும் கதாபாத்திரமும் பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஆச்சிமார், அயித்தை மக்கள், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்கள், காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் நிலையத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு தோழி, எல்லோருக்கும் நடுவில் சாய்வு நாற்காலியில் 84 வயது அப்பத்தா. வாரத்துக்கு இரண்டு பகுதிகளாக ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முழுவதும் பார்த்து முடித்து, இப்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். அப்பத்தாவுக்கு நான் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். பார்ப்பது ஒன்றரை மணி நேரம். அதன்பின் தொடங்கும் வாதம் பணியாரச் சட்டி கழுவிக் கவிழ்த்த பிறகும் ஓயாது.

வாதம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ஸ்கல்லியைக் காதல் உயர்த்தியதா, தாழ்த்தியதா? புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மற்றவர்கள் என்னோடு மாறுபடும் இடங்களையும் மறைக்கவில்லை.

தொடரைப் பார்த்ததே இல்லை. ஸ்கல்லி யார்?

டேனா ஸ்கல்லி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதிகாரி. மருத்துவம் படித்தவள், பிரேதப் பரிசோதனை செய்து காரணம் கண்டுபிடிப்பதில் தேர்ந்தவள். அதற்கு முன்பே இயற்பியல் படித்து, ஐன்ஸ்டைனின் இரட்டையர் முரண் பற்றி ஆய்வேடு எழுதியவள். 1993 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியில் மேலதிகாரிகள் அவளை அலுவலகத்தின் அடித்தளத்தில் உள்ள ஓர் அறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஃபாக்ஸ் மல்டர் என்ற அதிகாரி விடை கிடைக்காத வழக்குகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தன் தங்கையை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிச் சென்றார்கள் என்று நம்புகிறவன். அவனுடைய வேலை தேறுமா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அவளுக்கு இடப்பட்ட பணி அதுதான்.

ஆகவே, நம்புகிறவன் ஆண். சான்று கேட்கிறவள் பெண். எங்கள் வீட்டில் பலரை முதல் நாளே கட்டிப்போட்டது இந்த மாற்றம்தான். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர் இந்த வேடத்துக்கு ஜில்லியன் ஆண்டர்சனைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 24. தொலைக்காட்சி நிறுவனம் இன்னும் கவர்ச்சியான ஒருவரை எதிர்பார்த்தது. கார்ட்டர் விட்டுக்கொடுக்கவில்லை. 2002-இல் முடிந்த தொடர் 2016-இலும் 2018-இலும் மீண்டும் வந்தது. மொத்தம் 218 பகுதிகள். அவற்றோடு 1998-இலும் 2008-இலும் இரண்டு திரைப்படங்கள்.

இது பேய்க்கதை போல இருக்கிறதே, அறிவியல் புனைகதையா?

இரண்டும் கலந்தது. ஆனால் முதுகெலும்பாக ஓடும் கதை வேற்றுக்கிரகவாசிகள், மரபணு ஆய்வு, அரசின் சதி ஆகியவற்றைப் பற்றியது. அதனால் நாங்கள் அறிவியல் புனைகதை என்றே சொல்கிறோம்.

ரசிகர்களுக்குள் அப்படி என்ன சண்டை?

தொடக்கத்தில் கார்ட்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இருவருக்கும் இடையே காதல் கிடையாது. ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. 1990-களின் நடுப்பகுதியிலேயே இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள். இருவரும் சேர வேண்டும் என்றவர்கள் தங்களை ‘ஷிப்பர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். உறவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் வாலிலிருந்து வந்த பெயர் அது. இன்று உலகம் முழுக்க எந்தக் கதையின் ரசிகர்களும் பயன்படுத்தும் அந்தச் சொல் இந்தத் தொடரின் ரசிகர்களிடம் பிறந்தது. எதிர்ப்பக்கத்தார் ‘நோரோமோ’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்; காதல் வேண்டாம் என்று பொருள்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயர்கள் ஒட்டவில்லை. சேர வேண்டும் என்பவர்களைக் கழுத்துருக் கட்சி என்கிறோம். திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, எங்கள் நகரத்தார் பெண்களுக்கு அணிவிக்கும் அந்தக் கனத்த தங்க அணியின் பெயர் கழுத்துரு. மற்றவர்கள் மேசைக் கட்சி. அந்தப் பெயரின் காரணம் கீழே வருகிறது.

மேசைக் கட்சியின் வாதம் இது: திரையில் ஒரு பெண் மருத்துவர், இயற்பியல் அறிந்தவர், துப்பாக்கி பிடிப்பவர் என்று எல்லாமாக இருந்தாலும், காதல் வந்த நாளிலிருந்து அவளுடைய கதை ‘அவன் வருவானா’ என்ற கேள்விக்குள் சுருங்கிவிடுகிறது. கழுத்துருக் கட்சி சொல்வது வேறு. எட்டு ஆண்டுகள் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் துணிந்த இருவரை, பெண்ணின் மதிப்பைக் காப்பாற்றுகிறோம் என்று பிரித்து வைப்பது அவளை மரக்கட்டையாக்குவதாகும். இரண்டிலும் உண்மை இருப்பதால்தான் இந்தச் சண்டை முப்பது ஆண்டுகளாகத் தீரவில்லை.

முதல் பகுதியிலேயே அவள் மல்டர் முன்னால் ஆடை களைகிறாள். அப்போதே கெட்டுவிடவில்லையா?

இந்தக் காட்சியை வைத்து எங்கள் வீட்டில் ஒரு சித்தி எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் திரும்பி வந்தார். நடப்பது இதுதான். இறந்துபோனவர்களின் முதுகில் இருந்த தழும்பு போலத் தன் முதுகிலும் ஏதோ இருப்பதைக் கண்டு ஸ்கல்லி பயந்துபோகிறாள். மல்டரின் அறைக்கு ஓடி வந்து மேலங்கியை நழுவவிட்டு, பார்த்துச் சொல் என்கிறாள். அவன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கொசுக்கடி என்கிறான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு மூச்சு விடுகிறாள். பிறகு அந்த இரவில் அவன் தன் தங்கையின் கதையைச் சொல்கிறான்.

உடலைக் காட்ட ஒரு சாக்கு என்று மேசைக் கட்சி சொல்வதை நான் மறுக்கவில்லை. கேமரா அவளைப் பார்க்கும் விதத்தில் அது இருக்கிறது. ஆனால் கதையில் நடப்பதைப் பாருங்கள். ஒரு மருத்துவர் தன் உடலைத் தானே பரிசோதிக்க முடியாத இடத்தில் இன்னொரு கண்ணை நாடுகிறாள். அவன் அந்தச் சந்தர்ப்பத்தைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. அந்த இரவில் அவர்களுக்குள் ஏற்பட்டது நம்பிக்கை. அதற்குப் பின் ஆறு ஆண்டுகள் அவர்கள் முத்தமிட்டுக்கொள்ளவே இல்லை.

மேசை என்ன கதை?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

நான்காவது சீசனில், 1997 பிப்ரவரியில் வந்த ஒரு பகுதியில், ஸ்கல்லி அந்த அடித்தள அறையைச் சுற்றிப் பார்க்கிறாள். மல்டருக்கு மேசை இருக்கிறது. கதவில் அவன் பெயர் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அதே அறையில் வேலை செய்யும் தனக்கு ஏன் ஒரு மேசை இல்லை என்று கேட்கிறாள். அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பிலடெல்பியாவுக்குத் தனியாகப் போகிறாள். அங்கே ஓர் ஆணைச் சந்திக்கிறாள். முதுகில் பச்சை குத்திக்கொள்கிறாள். உயிருக்கே ஆபத்து வந்து மீள்கிறாள். திரும்பி வந்ததும் மல்டர், நான் மேசை தரவில்லை என்பதற்காகவா இதெல்லாம் என்கிறான். எல்லாமே உன்னைப் பற்றியது அல்ல மல்டர், இது என் வாழ்க்கை என்கிறாள் அவள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்ள, அந்த மௌனத்திலேயே பகுதி முடிகிறது.

இதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பத்தா கேட்டார்: நாலு வருடமாக அவளை வேறு வைக்கவில்லையா?

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவு எனப்படும் முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. திருமணம் முடிந்து சில காலம் ஆனதும் புது மணமக்களை ‘வேறு வைப்பார்கள்’. ஒரே கூரைக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு. அறையும் பூட்டும் சாவியும் அவர்களுடையவை. எத்தனை பேர் சேர்ந்து வாழ்ந்தாலும், மருமகளின் இடுப்பில் ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி அன்பின் அடையாளமா, அதிகாரத்தின் அடையாளமா என்று அப்பத்தாவைக் கேட்டால், இரண்டும்தான், அதில் பிரிக்க என்ன இருக்கிறது என்பார்.

அந்த ஒரு கேள்வி என்னை மாற்றிவிட்டது. அதுவரை நான் உறுதியான காதல் எதிர்ப்பாளர். ஸ்கல்லிக்குக் குறை வைத்தது மல்டரின் அன்பு என்றே எண்ணியிருந்தேன். ஆனால் மேசை இல்லாமற்போனபோது அவர்களுக்குள் காதலே வரவில்லை. வெறும் சக ஊழியர்களாக இருந்தபோதுதான் அவளுக்கு இடமில்லை. அப்படியானால் காதலை நீக்கிவிட்டால் அவள் முழுமையாகிவிடுவாள் என்று நாங்கள் எப்படிச் சொல்ல முடியும்?

இந்தப் பகுதியில் எனக்கு ஒரு தீராத மனக்குறையும் உண்டு. தனக்கென்று ஒரு மாலைப்பொழுதைத் தேடிப் போனவளை, அவள் நம்பிய ஆணே கொல்ல வருவதாக ஏன் எழுத வேண்டும்? மல்டரும் பெண்களோடு பழகியிருக்கிறான். அவனை எரியும் உலைக்கு இழுத்துப் போகவில்லை கதை. விரும்பியதற்குத் தண்டனை பெண்ணுக்கு மட்டும் என்றால் அது காதலின் குற்றமில்லை, எழுதியவர்களின் பழக்கம்.

காதல் வெளிப்பட்ட பிறகு ஸ்கல்லியின் அறிவு மங்கிவிட்டது என்கிறார்களே?

நான் நோட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று கேள்விகள்: அவள் பரிசோதனை செய்கிறாளா? மல்டரை மறுத்துப் பேசுகிறாளா? முடிவு அவளுடையதா?

1998 படத்தில் அவள் வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்ல, மல்டர் வீட்டு நடைக்கு ஓடி வந்து, உன்னுடைய கறாரான அறிவியல்தான் என்னை ஆயிரம் முறை காப்பாற்றியது, நீதான் என்னை முழு மனிதனாக்கினாய் என்கிறான். அவள் அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை. முத்தம் வரப்போகும் நொடியில் அவளை ஒரு தேனீ கொட்டிவிடுகிறது. எங்கள் கழுத்துருக் கட்சி அந்தத் தேனீயை இன்றுவரை மன்னிக்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 28 அன்று ஒளிபரப்பான பகுதியில், 2000 பிறக்கும் இரவில், மருத்துவமனையில் முத்தமிடுகிறார்கள். உலகம் அழியவில்லை என்கிறான் அவன். ஆமாம், அழியவில்லை என்கிறாள் அவள். அதற்கடுத்த பகுதிகளிலும் சவக்கிடங்கில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் ஊகத்தை மறுக்கிறாள். என் நோட்டில் மாற்றம் ஒன்றும் இல்லை.

பிறகு 2000 ஏப்ரலில் ஒரு பகுதி வருகிறது. அதை எழுதி இயக்கியவர் ஜில்லியன் ஆண்டர்சனே. இந்தத் தொடரை இயக்கிய முதல் பெண் அவர்தான். தொடக்கத்தில் ஸ்கல்லி கண்ணாடி முன் நின்று உடை அணிகிறாள், வெளியே வருகிறாள், படுக்கையில் மல்டர் தூங்குகிறான். அதற்கு ஒரு விளக்கமும் இல்லை. பிறகு கதை பின்னோக்கிப் போகிறது. மருத்துவக் கல்லூரியில் அவளுக்குப் பாடம் நடத்திய, ஏற்கெனவே மணமான ஓர் ஆசிரியரை அவள் ஒருகாலத்தில் நேசித்திருக்கிறாள். விட்டு விலகியும் வந்திருக்கிறாள். இப்போது அவர் நோயாளியாகப் படுத்திருக்கிறார். மீண்டும் வா என்கிறார். மல்டர் இங்கிலாந்தில் வயல்களில் தோன்றும் வட்டங்களைத் தேடிப் போய்விட்டதால் கதையில் அவனுக்கு அதிக இடமில்லை. முழு முக்கால் மணி நேரமும் அவள் நடக்கிறாள், நினைக்கிறாள், தான் எடுத்த முடிவுகளைத் திரும்பிப் பார்க்கிறாள்.

தொடரின் மிக வெளிப்படையான காதல் பகுதி இது. ஸ்கல்லி அதிகம் ஸ்கல்லியாக இருக்கும் பகுதியும் இதுவே என்பது என் கருத்து. மல்டர் அவளைத் தேர்ந்தெடுத்தான் என்று கதை சொல்லவில்லை. அவள் வந்த வழி முழுவதையும் காட்டி, அவள் தேர்ந்தெடுத்தாள் என்கிறது. மேசைக் கட்சியில் இரண்டு பேருக்கு இந்தப் பகுதி மெதுவாகப் போகிறது என்று வருத்தம். இருக்கட்டும்.

மல்டர் காணாமற்போன பிறகு அவள் காத்திருக்கும் பெண்ணாக மாறிவிடவில்லையா?

ஏழாவது சீசனின் முடிவில், 2000 மே மாதத்தில், மல்டரை வேற்றுக்கிரகவாசிகள் கொண்டுபோய்விடுகிறார்கள். ஸ்கல்லி கருவுற்றிருக்கிறாள். எட்டாவது சீசனில் ஜான் டாகெட் என்ற புதிய அதிகாரி வருகிறார். இப்போது நம்புகிறவள் அவள், சந்தேகப்படுகிறவர் அவர். மல்டர் போல ஊகிக்க முயன்று தடுமாறுகிறாள். அந்தச் சீசனின் மூன்றாவது பகுதியின் முடிவில் மல்டரின் பெயர்ப்பலகையை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு டாகெட்டிடம் சொல்கிறாள்: எனக்கு இங்கே மேசையே இருந்ததில்லை, ஆனால் உங்களுக்கு ஒன்று கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அன்று எங்கள் இரண்டாம் கட்டில் யாரும் பேசவில்லை.

காத்திருத்தலைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஆண்கள் மூன்று ஆண்டுகளை ஒரு கணக்காக வைத்துப் போனார்கள். ரங்கூனிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் கடிதம் வரும்வரை இங்கே வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார். எங்கள் அப்பத்தாவின் மாமியார் நெல் கணக்கும் வட்டிக் கணக்கும் பார்த்து, கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, பிள்ளைக்குத் திருமணமும் பேசி முடித்தவர். அவரைக் கணவனுக்காகக் காத்திருந்தவர் என்று ஒரு வரியில் எழுதினால் அது பொய்யாகாது. ஆனாலும் அவருக்கு அது அநியாயம். எட்டாவது சீசன் ஸ்கல்லியைப் பற்றி ‘ஏங்கிக்கொண்டிருக்கிறாள்’ என்று சொல்கிறவர்களுக்கும் நான் அதையே சொல்வேன். ஏங்குகிறாள். வழக்கையும் முடிக்கிறாள்.

அப்படியானால் அவளுடைய சித்திரிப்பில் உங்களுக்குக் குறையே இல்லையா?

இருக்கிறது. குழந்தை விஷயத்தில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சீசனில் அவள் கடத்தப்படுகிறாள். அதன் விளைவாகப் பிள்ளை பெற முடியாது என்று பின்னர் அறிகிறாள். நடிகை உண்மையிலேயே கருவுற்றிருந்ததால் அவருக்கு விடுப்புக் கொடுக்கப் பிறந்த திருப்பம் அது. பிறகு செயற்கைக் கருத்தரிப்புக்கு முயல்கிறாள். மல்டரிடம் போய் நீ உதவுவாயா என்று அவளே கேட்கிறாள். முயற்சி தோற்றுப்போய், அவன் தோளில் சாய்ந்து அழும் அந்தக் காட்சியில் காதலும் அறிவியலும் உடலும் ஒரே முடிச்சாக இருக்கின்றன. கேட்டது அவள். முடிவெடுத்ததும் அவள்.

பிறகு எதிர்பாராமல் வில்லியம் பிறக்கிறான். 2002-இல், அவன் உயிருக்கு ஆபத்து என்று, பெற்றவளே அவனைத் தத்துக் கொடுத்துவிடுகிறாள். மல்டர் அப்போது உடன் இல்லை. எங்கள் வீட்டில் மிகக் கடுமையான சண்டை இதில்தான் மூண்டது. கல்லூரிப் பெண்கள், எந்தத் தாயும் இப்படிச் செய்ய மாட்டாள் என்றார்கள். பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள். எங்கள் சமூகத்தில் பிள்ளை கூட்டிக்கொள்வது வழக்கம். கவிஞர் கண்ணதாசன்கூடச் சிறுகூடல்பட்டியில் பிறந்து காரைக்குடியில் சுவீகாரப் பிள்ளையாக வளர்ந்தவர்தான். பிள்ளை வாங்கிய வீட்டில் விருந்து நடக்கும். பிள்ளை விட்ட வீட்டில் பெற்றவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அன்று ஓர் ஆச்சி மெல்லச் சொன்னார்: அவளிடம் கேட்டார்களா, அவளாகக் கொடுத்தாளா, அதைச் சொல் முதலில். அவளாகக் கொடுத்தாள் என்றேன். சரி, அப்படியானால் அழட்டும், ஆனால் தலை நிமிர்ந்து அழுவாள் என்றார்.

2018-இல் நடந்ததற்கு அந்த ஆறுதலும் இல்லை. வில்லியம் மல்டரின் பிள்ளை அல்ல, தொடரில் வரும் சிகரெட் பிடிக்கும் வில்லன் ஸ்கல்லிக்கே தெரியாமல் அறிவியலின் துணையோடு அவளைக் கருவுற வைத்தான் என்று ஒரு பகுதியில் சொல்லப்படுகிறது. அது சொல்லப்படும் இடத்தில் ஸ்கல்லி இல்லை. அவள் உடலுக்கு நடந்ததை, அவள் இல்லாத இடத்தில், அந்த வில்லன் அவளுடைய மேலதிகாரியிடம் சொல்கிறான். மார்ச் மாதத்து இறுதிப் பகுதியில் அவள் மகனைப் பற்றி, அவன் ஒரு சோதனையின் விளைவு, நான் சுமந்தேன், பெற்றேன், அவனுக்கு நான் ஒருபோதும் தாயாக இருந்ததில்லை என்கிற பொருளில் பேசுகிறாள். அடுத்த நொடியே மீண்டும் கருவுற்றிருப்பதாகச் சொல்கிறாள். பதினேழு ஆண்டுகளாக அவள் சுமந்த துக்கத்தை இரண்டு நிமிடத்தில் துடைத்தெறிய முடியும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதைப் பார்த்துவிட்டு, பார்த்தாயா, காதல் வந்ததால்தான் இந்தக் கதி என்றது மேசைக் கட்சி. நான் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். அந்தப் பகுதியில் இல்லாததே காதல்தான். செயற்கைக் கருத்தரிப்புக் காட்சியில் அவளிடம் கேட்டுத்தான் எல்லாம் நடந்தது. இங்கே கேட்கவில்லை. மேசை கொடுக்காததும் கேட்காமல் கருவுற வைத்ததும் ஒரே குணத்தின் இரண்டு வேலைகள்.

நடிகைக்கு நடந்ததையும் கதாபாத்திரத்துக்கு நடந்ததையும் குழப்புகிறீர்களோ?

சேர்த்துப் பார்க்கிறேன், வேண்டுமென்றே. தொடக்க காலத்தில் கேமரா முன்னால் மல்டராக நடித்த டேவிட் டுகோவ்னிக்கு இணையாக நிற்காமல் சில அடி பின்னால் நிற்கும்படி தன்னிடம் சொல்லப்பட்டதாக ஜில்லியன் ஆண்டர்சன் பேட்டியில் கூறியிருக்கிறார். சம ஊதியம் பெற அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. 2016-இல் தொடர் மீண்டும் வந்தபோது முதலில் டுகோவ்னிக்குப் பேசியதில் பாதியைத்தான் அவருக்குப் பேசினார்கள், அவர் ஏற்கவில்லை. 2017 வரை ஒளிபரப்பான 200-க்கும் மேற்பட்ட பகுதிகளில் பெண்கள் இயக்கியவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று அவருடையது. இதை அவரே வெளிப்படையாகக் கண்டித்த பிறகுதான் கடைசி சீசனில் பெண் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

சில அடி பின்னால் நில் என்று நடிகையிடம் சொல்கிற இடத்தில்தான், மேசை இல்லாத கதாபாத்திரமும் எழுதப்படுகிறாள்.

காதலே இல்லாத நாயகிதான் வலிமையானவள் என்று சொல்லிவிட்டால் என்ன?

நம் மரபே அதைச் சொல்லிப் பார்த்துவிட்டது. ஔவை திருமணத்திலிருந்து தப்ப விநாயகரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கதை. காரைக்கால் அம்மையார் கணவன் விலகியதும் பேயுருவை வேண்டிப் பெற்றார். அறிவும் பக்தியும் உள்ள பெண்ணுக்கு முதலில் இளமையைக் கழற்றிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறோம். அந்தக் கதைகளை நான் மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு அறிவுள்ள பெண்ணும் அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

இன்னோர் உதாரணம், ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடரின் உஹுரா. 1966-இல் நிஷெல் நிக்கல்ஸ் நடித்த கறுப்பினப் பெண் அதிகாரி. முதல் சீசனோடு விலக நினைத்தவரை, போகாதீர்கள், உங்கள் இடம் முக்கியம் என்று சொல்லித் தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1968-இல் உஹுராவும் கேப்டன் கிர்க்கும் முத்தமிடும் காட்சி வரலாறானது. ஆனால் கதையில் அது அவர்கள் விருப்பமன்று. மனோசக்தி கொண்ட வேற்றுக்கிரகத்தார் அவர்களைப் பொம்மைகளாக ஆட்டிவைத்து நடத்துவது. 2009 திரைப்படத்தில் உஹுரா, தன் விருப்பப்படி, சக அதிகாரி ஸ்பாக்கை நேசிக்கிறாள். அவளை வெறும் காதலியாக்கிவிட்டார்கள் என்று ஒரு சாரார் வருந்தினார்கள். திரையில் கறுப்பினப் பெண்ணுக்குக் காதலிக்கப்படும் உரிமையே மறுக்கப்பட்டு வந்தது, இது இழப்பல்ல, வரவு என்றார்கள் வேறு பலர். இரண்டாவது குரலைக் கேட்ட பிறகுதான் ‘காதல் வேண்டாம்’ என்பது எல்லாப் பெண்களுக்கும் ஒரே பொருள் தருவதில்லை என்று எனக்கு உறைத்தது.

அந்தப் படத்தில் ஒரு சிறு காட்சி எங்கள் வாதத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். தனக்கு வேண்டியவள் என்று யாரும் பேசிவிடக்கூடாதே என்று ஸ்பாக் அவளை வேறு விண்கப்பலுக்கு ஒதுக்கிவிடுகிறான். அவள் நேராக வந்து, தன் தகுதிகளைச் சொல்லி, எனக்குரிய இடம் எண்டர்பிரைஸ் கப்பல்தான் என்று கேட்டு வாங்குகிறாள். அப்பத்தா கை தட்டினார்.

தமிழ்க் கதைகளில் இப்படி ஒருத்தி உண்டா?

நிலா. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, 1980-களில் விகடனில் வந்தது. காணாமற்போன கணவன் சிபியைத் தேடித்தான் அவள் வீட்டை விட்டு வெளியே வருகிறாள். படிக்கத் தெரிந்த இயந்திர நாய் ஜீனோ அவளுக்குத் துணை. எங்கள் வீட்டில் ஸ்கல்லியைப் பார்க்காதவர்கள்கூட ஜீனோவுக்காக உருகுவார்கள். கணவனைத் தேடிப் புறப்பட்டவள் கடைசியில் நாட்டின் ராணியாகிறாள். ஆனால் அந்த நாற்காலியைப் பின்னால் நின்று இயக்குகிறவர்கள் இரண்டு ஆண்கள். நாற்காலி கிடைத்தும் அதிகாரம் கிடைக்காதவள் என்று மேசைக் கட்சி இவளையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இதில் நான் அவர்கள் பக்கம்.

பெண்கள் அறிவியலுக்கு வந்தது ஸ்கல்லியின் ஆய்வைப் பார்த்தா, காதலைப் பார்த்தா?

2018-இல், ஊடகங்கள் பெண்களைக் காட்டும் விதத்தை ஆராயும் ஜீனா டேவிஸ் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் வேலை செய்யும் பெண்களில் 63% பேர் ஸ்கல்லியைத் தங்கள் முன்மாதிரியாகச் சொன்னார்கள். இதற்கு ‘ஸ்கல்லி விளைவு’ என்றே பெயர்.

எங்கள் சிக்ரித் தோழியிடம் இதைக் கேட்டேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட அந்த மின்வேதியியல் நிலையத்தில் அவர் மின்கலங்களைப் பற்றி ஆராய்கிறார். திருமணப் பேச்சு வந்தபோது, ஆய்வை விட்டுவிடுவீர்களா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். இவர் திருப்பி, மாப்பிள்ளை வேலையை விட்டுவிடுவாரா என்று கேட்டாராம். அந்தப் பேச்சு முறிந்தது. பிறகு வந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஸ்கல்லியிடம் உங்களுக்குப் பிடித்தது எது என்றேன். ஆய்வும் பிடிக்கும், ஆனால் அவள் சொன்ன முடிவு தவறாகிப்போன நாளிலும் மல்டர் அவளிடம்தான் அடுத்த அறிக்கையைக் கேட்பான், அது பிடிக்கும் என்றார்.

எங்கள் சமூகத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். மணமாகும்வரை புள்ளிக் கணக்கில் வருவதில்லை. அதைச் சொல்லி, சேர்ந்தால்தானே கணக்கு என்று கழுத்துருக் கட்சி அடிக்கடி வாதிடும். தோழி அதற்குச் சொன்ன பதில்: எங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் என் கையெழுத்து தனியாகத்தான் இருக்கிறது.

எந்தப் பகுதியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

முதல் பகுதியிலிருந்து. நேரம் குறைவென்றால் முதல் சீசனில் அவள் தந்தை இறக்கும் பகுதி, 1997-இன் மேசைப் பகுதி, அவளுக்குப் புற்றுநோய் வரும் பகுதி (ஜில்லியன் ஆண்டர்சன் எம்மி விருது பெற்றது அந்த ஆண்டில்), 2000-இல் அவரே இயக்கியது, பிறகு எட்டாவது சீசனின் தொடக்கம். 2018-இன் கடைசிப் பகுதியைத் தனியாகப் பார்க்காதீர்கள்; பேச ஆள் வேண்டியிருக்கும்.

சிறு பிள்ளைகளை அழைத்து வரலாமா?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். சில பகுதிகள் உண்மையிலேயே பயங்கரமானவை. எங்கள் வீட்டுச் சின்னவள் கழிவுநீர்க் குழாயில் வாழும் புழு மனிதனைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் கிணற்றடிக்குத் தனியாகப் போகவில்லை. பெரிய பிள்ளைகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள். முகப்புக் கதவு ஆறு மணிக்குத் திறந்திருக்கும். உள்ளே வந்து வளவைக் கடந்தால் சத்தம் கேட்கும்.